தட்டு இல்லாத கொல்லை

தெருவில் எல்லோரும் அவளை டிரைவரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நகரப் பேருந்து ஓட்டுகிறவள். காலையில் கிளம்பும் முதல் வண்டி அவளுடையது. ஊர் கண் விழிப்பதற்குள் பணிமனைக்குப் போய், டயர்களைக் காலால் தட்டிப் பார்த்து, கண்ணாடிகளைத் துடைத்து, இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிடுவாள். பேச்சு கம்மி. ஒன்றைச் செய்வது என்று முடிவு செய்துவிட்டால் அப்புறம் அதைப் பற்றிப் பேசவே மாட்டாள்.

அவள் கணவர் நேரெதிர். குழாய் ரிப்பேர் வேலை அவருக்கு. அடுத்தவர் வீட்டுக் குழாய் சொட்டினால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். சொந்த வீட்டுக் குழாய் சொட்டினால், "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்பார். அந்த நாளை மட்டும் வரவே வராது.

கொல்லைக்குப் பறவைகள் வர ஆரம்பித்ததும் அந்த "நாளைக்கு"வின் புண்ணியத்தில்தான். யார் வீட்டிலோ கழற்றிய பழைய கழுவு தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொல்லைக் குழாய்க்குக் கீழே போட்டு வைத்திருந்தார். குழாய் சொட்டியது, தொட்டி நிரம்பியது. அந்த வருடக் கடும் வெயிலில் சிட்டுக்குருவிகள் முதலில் மோப்பம் பிடித்தன. குடித்தன, குளித்தன, சண்டை போட்டன. பிறகு புறாக்கள் வந்தன. மனிதர் வேலைக்குப் போவதையே மறந்து ஜன்னலோரம் நின்றார். மறுநாள் மிச்சம் கிடந்த பிளாஸ்டிக் குழாய்களை நெடுக அறுத்து, இரண்டு ஓரமும் அடைத்து, மரக்கிளையில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டுத் தானியம் போட்டார். பெயிண்ட் டப்பா மூடி ஒன்று தட்டாயிற்று. சொட்டும் குழாயை மட்டும் அப்போதும் சரிசெய்யவில்லை.

அதற்குப் பிறகு கொல்லைதான் அவர்களுக்குக் காலண்டர். வெயில் காலத்தில் தண்ணீருக்கு அடிதடி. மழை தொடங்கினால் தட்டைச் சீண்ட ஆள் இருக்காது. எல்லாம் புழுவும் பூச்சியும் தேடிக் குஞ்சுகளுக்கு ஊட்டப் போய்விடும். இலை உதிரும் காலத்தில் அந்தக் குஞ்சுகள் பெரிய பறவைகளாகத் திரும்பி வந்து, சிறகை நடுக்கி, இன்னும் ஊட்டச் சொல்லி அழிச்சாட்டியம் செய்யும். குளிர் வந்துவிட்டால் தட்டு நிறையப் போட்டாலும் பத்தாது. பெயர் தெரியாத பறவைகளுக்கு அவர்களே பட்டப்பெயர் வைத்தார்கள். தலையில் கறுப்புத் திட்டு இருந்தது தொப்பிக்காரர். ஓயாமல் வாலை ஆட்டிக்கொண்டு தரையில் ஓடியது கண்டக்டர். தட்டின் ஓரத்தில் ஒட்டி உட்கார்ந்திருக்கும் புறா ஜோடி புது மாப்பிள்ளையும் புதுப்பெண்ணும்.

டிரைவரம்மா வேலை முடிந்து வந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல், கையில் டீயோடு சமையலறைப் பின்வாசல் படியில் உட்காருவாள். நாளெல்லாம் காதில் உறுமிய இன்ஜின் சத்தம் அங்கே உட்கார்ந்தால்தான் அடங்கும்.

ஒரு இலை உதிர்கால மாலையில் அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் அதைப் பார்த்தாள். தட்டில் மற்றப் பறவைகள் எல்லாம் வந்து வந்து போக, ஒரு புறா மட்டும் பஞ்சு உருண்டை மாதிரி உப்பிக்கொண்டு அசையாமல் இருந்தது. எழுந்து கிட்டே போனாள். பறக்கவில்லை. தானியத்தைக் கொத்தியது, விழுங்க முடியாமல் திரும்பத் திரும்ப நழுவவிட்டது. அலகைச் சுற்றி ஈரமாக இருந்தது. மறுநாள் காலை அது மரத்தடியில் செத்துக் கிடந்தது.

வயசாகியிருக்கும், குளிர் தாங்கவில்லை என்றார் கணவர். அடுத்து ஒரு சிட்டுக்குருவி. பிறகு தொப்பிக்காரர். மூன்றாவது குழியை அவர் முன்னதைவிட ஆழமாகத் தோண்டினார்.

அவள் வண்டியில் தினமும் ஏறும் ஒரு கால்நடை மருத்துவர் உண்டு. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கியபின் அவரை நிறுத்தி, பார்த்ததை எல்லாம் சொன்னாள். அவர் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார். தொண்டையில் வரும் நோயாக இருக்கலாம் என்றார். நோய் கண்ட பறவையின் எச்சில் தீனியிலும் தண்ணீரிலும் கலந்து அடுத்ததற்குப் போகும். வெளியில் பறக்கிற பறவைக்கு மருந்து கொடுப்பதும் நடக்காத காரியம். செய்யக்கூடியது ஒன்றுதான்: தீனி வைப்பதை நிறுத்த வேண்டும், தண்ணீரையும் வற்றவிட வேண்டும். கூட்டம் கலைந்து அவை தனித்தனியாக இரை தேடிப் போனால் நோய் பரவுவது குறையும் என்றார். எத்தனை நாளைக்கு என்று கேட்டாள். நோயாளிப் பறவை கண்ணில் படுவது நின்று, அதற்கப்புறமும் சில வாரங்கள் என்றார்.

அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நெரிசலான பேருந்தில் ஒருத்தர் இருமினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவள் வீட்டுத் தட்டுதான் அந்த நெரிசல்.

அன்று சாயங்காலமே ஸ்டூலைப் போட்டு ஏறி, தீனிக் குழாய்களைக் கம்பியை வெட்டி ஒவ்வொன்றாக இறக்கினாள். கணவர் பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பாதியாவது விட்டு வையேன்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அவள் திரும்பவில்லை. பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் எல்லாவற்றையும் ஊறப்போட்டாள். தொட்டியைக் கவிழ்த்தாள். மரத்தடி மண்ணைச் சுரண்டிக் கூட்டி மூட்டை கட்டினாள். கொல்லைக் குழாயை மட்டும் கை காட்டினாள். அவர் அன்றைக்கே உட்கார்ந்து அதைச் சரிசெய்தார், சொட்டுவது நின்றது.

மறுநாள் பறவைகள் வந்து வெறுங்கிளையில் உட்கார்ந்து பார்த்தன. சிட்டுக்குருவிகள் தொட்டியின் கவிழ்ந்த முதுகில் தத்தின. பிறகு மொத்தக் கூட்டமும் சுவரைத் தாண்டிப் பக்கத்துக் கொல்லைக்குப் போய்விட்டது. அங்கேயும் தீனி இருந்தது. இரண்டு கொல்லைக் கூட்டம் இப்போது ஒரே கொல்லையில்.

பக்கத்து வீட்டுக்காரி ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று ஊருக்கே சொன்ன குரல். வேலை போனாலும் குரல் போகவில்லை. வீட்டுக்குள் யாரையாவது சாப்பிடக் கூப்பிட்டால் நாலு வீட்டுக்குப் பசிக்கும். அதனால் அவருக்கு மைக்கம்மா என்று பெயர். அவருக்கும் டிரைவரம்மாவுக்கும் ஒரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தொட்டியிலிருந்து வழிந்த தண்ணீர் சுவருக்கு அடியில் புகுந்து மைக்கம்மா துணி காயப்போடும் இடத்தைச் சேறாக்கியிருந்தது. "நாளைக்குச் சரி பண்ணித் தர்றேன்" என்று குழாய்க்காரர் சொல்லியிருந்தார். மீதியைச் சொல்லத் தேவையில்லை.

ஆனாலும் டிரைவரம்மா போய்க் கதவைத் தட்டினாள். மைக்கம்மா கதவைப் பாதி திறந்து, நோய் விவரத்தை முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"உங்க வீட்டுச் சாக்கடைதான் என் வீட்டுக்கு வந்துச்சு. இப்ப உங்க வீட்டு உத்தரவும் வருதா?"

உண்மையான காரணம் அடுத்துதான் வந்தது. மைக்கம்மாவின் மருமகள் நீச்சல் சொல்லிக் கொடுப்பவள். ஓர் இடத்தில் நிற்கத் தெரியாத பெண். இப்போது வயிற்றில் பிள்ளை. கர்ப்பம் தங்குவதே சிரமம் என்று சொல்லி, பிரசவம் வரை படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் கட்டளை. மகனோ கப்பலில் வேலை, வர மாதங்கள் ஆகும். கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டு, அவள் கண்ணுக்கு நேராகத் தட்டு வைத்து, நாளுக்கு நாலு வேளை தானியம் போட்டுக்கொண்டிருந்தார் மாமியார். நாளெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு அந்தப் பெண் எப்படிப் படுத்திருப்பாள் என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அவர் தாழ்த்தியதே மற்றவர்கள் பேசும் அளவுக்கு இருந்தது.

அதற்கு மேல் டிரைவரம்மா வற்புறுத்தவில்லை. திரும்பி வந்துவிட்டாள். ஆனால் விட்டுவிடவில்லை. இரண்டு நாள் யோசித்தாள். யோசிக்கும்போதே சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு புறா உப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மாப்பிள்ளையா பெண்ணா என்று அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் ஜோடி இல்லை.

விடுமுறை நாள் காலையில் கணவர் முன்னால் மண்வெட்டியை வைத்தாள்.

"இன்னிக்குத்தான் அந்த நாளைக்கு. எழுந்திருங்க."

சொட்டுவது நின்றாலும் கொல்லைத் தண்ணீர் சுவருக்கு அடியில் அரித்த வழி அப்படியே இருந்தது; அதை அடைத்து, புதுக் குழாய் போட்டுத் தங்கள் பக்கமே திருப்ப வேண்டும். மைக்கம்மாவின் பக்கமும் தோண்டினால்தான் முடியும். அனுமதி கேட்டபோது அவரால் மறுக்க முடியவில்லை; ஒரு வருடமாக அதற்காகத்தானே சண்டை. குழாய்க்காரர் தோண்டினார், டிரைவரம்மா மண்ணை அள்ளினாள். மைக்கம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தார். சேறு வழித்து, குழாய் பதித்து, கல் பரப்பி, மதியத்துக்குள் அந்த இடம் நடக்கும்படி ஆயிற்று. மைக்கம்மா கால் வைத்து அழுத்திப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. டீ போட்டுக்கொண்டு வந்தார்.

ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் சாய்ந்து படுத்திருந்த பெண் டிரைவரம்மாவைக் கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, உங்க தட்டை எல்லாம் ஏன் எடுத்துட்டீங்க?"

டிரைவரம்மா மைக்கம்மாவைப் பார்த்தாள். பிள்ளைத்தாய்ச்சியிடம் சாவைப் பற்றிப் பேச அவளுக்கு மனசில்லை. சுத்தம் பண்ணத்தான் என்று மழுப்பினாள்.

அந்தப் பெண் ஜன்னலுக்கு வெளியே இருந்த தட்டின் பக்கம் கண்ணைத் திருப்பினாள். பிறகு மாமியாரைப் பார்த்து மெதுவாகப் பேசினாள்.

"அத்தை, நான் நாள் முழுக்க இதைத்தானே பார்த்துட்டு இருக்கேன். எது வரலைன்னு எனக்குத் தெரியும். ஒரு குஞ்சு தட்டுலேயே உட்கார்ந்து தூங்குச்சு. அம்மாக் குருவி ஊட்ட ஊட்டத் தீனி வெளியே வந்துடுச்சு. மறுநாள் அது இல்ல. நீங்க எனக்காகப் போடுறீங்களேன்னு நான் சொல்லல."

"ஏம்மா, சொல்லியிருக்கலாம்ல?" என்றார் மைக்கம்மா.

"சொன்னா நீங்க எடுத்துடுவீங்க. அப்புறம் எனக்கு யாரு இருக்கா? அதனாலயும்தான் சொல்லல." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா இனிமே வேணாம் அத்தை. எனக்காக வைக்காதீங்க. எடுத்துடுங்க."

மைக்கம்மாவுக்குக் குரல் வரவில்லை. தெருவுக்கே அது புதுச் செய்தி. எழுந்து போய்த் தானும் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறினார். டிரைவரம்மா கீழே நின்று தட்டுகளை வாங்கிக்கொண்டாள்.

செய்வது என்று வந்துவிட்டால் மைக்கம்மாவும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. அந்த வரிசையில் இன்னும் மூன்று நான்கு கொல்லைகளில் பறவைகளுக்குத் தீனி போடுவார்கள். மறுநாள் காலை ஸ்டூலைச் சுவரோரம் போட்டு ஏறி நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய உத்தியோகக் குரலில் ஆரம்பித்தார்: "அனைவரின் கவனத்திற்கு." நோய் என்ன, எப்படிப் பரவுகிறது, என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார், ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொன்னார். குளித்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கேட்டார்கள். ஒரு வீட்டில் ஏதோ வண்டி ரத்தாகிவிட்டது என்று பயந்து ஓடி வந்தார்களாம்.

வெளியூர் ரயில் மாதிரிதான், எல்லோரும் சொன்ன நேரத்துக்கு வழிக்கு வந்துவிடவில்லை. சிலர் உடனே எடுத்தார்கள். மாடி வீட்டு வாத்தியார் பத்துக் கேள்வி கேட்டு, பதினொன்றாவதற்கு மருத்துவரின் பதிலையும் வாங்கிக் கொண்டுவரச் செய்து, பிறகு எடுத்தார். தெருமுனை ரொட்டிக்கடைக்காரர்தான் மசியவில்லை. உதிர்ந்த தூளையும் காய்ந்த துண்டையும் கடைக்குப் பின்னால் கொட்டுவது அவர் வழக்கம். தான் குப்பைதான் கொட்டுகிறேன், விருந்து வைக்கவில்லை என்றார். டிரைவரம்மா முதல் நடை முடிந்ததும் தினம் அங்கே போய் நின்றாள். சண்டை போடவில்லை. ரொட்டி ஒன்று வாங்குவாள், மூடி போட்ட தொட்டி வாங்கியாச்சா என்று கேட்பாள், போய்விடுவாள். ஒரு வாரம் போல இது நடந்தது. கடைசியில் அவள் வருவதைத் தூரத்திலேயே பார்த்த கடைக்காரர், "வாங்கிட்டேன் தாயே, வாங்கிட்டேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டுப் புது மூடியைத் தூக்கிக் காட்டினார்.

அதற்குப் பிறகுதான் கஷ்டமான காலம். கொல்லைகள் வாயடைத்துப் போயின. கிளையில் வந்து உட்காரும் பறவைகள் ஒவ்வொரு நாளும் குறைந்தன. போக வேண்டும் என்றுதான் எல்லாம் செய்தது, ஆனாலும் போவதைப் பார்க்க முடியவில்லை. மாலையில் டிரைவரம்மா டீயை எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தால் இன்ஜின் சத்தம் காதிலேயே நின்றது. அதனால் எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனாள். ஜன்னலில் பார்க்க ஒன்றும் இல்லாமல் படுத்திருக்கும் பெண்ணுக்கு அவளால் கொடுக்க முடிந்தது பேருந்துக் கதைகள்தான். அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆனாலும் ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு அதற்கும் இருக்கை கேட்டவரையும், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று நடை தூங்கியவரையும் பற்றி அவள் முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னபோது அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்க வைக்காதீங்க, டாக்டர் திட்டுவார் என்று மைக்கம்மா வந்து அதட்டிவிட்டு, தானும் அங்கேயே உட்கார்ந்துகொள்வார்.

குளிர் இறங்கிய ஒரு காலையில், அன்று மட்டும் பகல் வண்டிக்குக் கிளம்பிய டிரைவரம்மா மரத்தடியில் விதைத் தோல்களைப் பார்த்தாள். குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தாள். புதிது. உள்ளே வந்து, அதைக் கணவரின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அவர் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்தார். "ஒரே ஒரு கைப்பிடி. கண்டக்டர் வந்து என் முன்னாடியே வாலை ஆட்டிக்கிட்டு நடந்துச்சு. குளிர்ல அது என்னைப் பார்த்துச்சு, என்னால முடியல."

"என்னையும்தான் பார்த்துச்சு. நான் போட்டேனா?"

"உனக்கு மனசு கல்லு."

அவள் செருப்பை மாட்டினாள். வாசல் வரை போனவள் நின்றாள்.

"கல்லு இல்லைங்க. தினம் கடைசி நிறுத்தத்து மரத்துக்கிட்ட வண்டியை நிறுத்தும்போது கண்டக்டர் மாதிரி ஒண்ணு ஓடுதான்னு பார்த்துட்டுத்தான் எடுக்கிறேன். அங்க தின்னு பொழைச்சா போதும். இங்க வந்து சாக வேணாம்."

அவள் போனபின் அவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய் மரத்தடியைக் கூட்டினார். மிச்சமிருந்த தானிய டப்பாவை மைக்கம்மா வீட்டுப் பரணில் கொண்டுபோய் வைத்துவிட்டார், தன்மேல் தனக்கே நம்பிக்கை இல்லாமல்.

டாக்டர் சொன்ன தேதிக்கு முன்பே குழந்தை பிறந்தது. பெண் குழந்தை, கைக்குள் அடங்குகிற அளவு. சில வாரம் ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்தார்கள். மைக்கம்மா அங்கேயே கிடந்தார். அங்கே குரலை உயர்த்தக்கூடாது என்று நர்சுகள் சொல்லிச் சொல்லி, வீடு திரும்பும்போது சாதாரண மனுஷி மாதிரி பேசப் பழகியிருந்தார். இரண்டு நாள்தான் நீடித்தது. தாயும் பிள்ளையும் நலமாக வீடு வந்தார்கள். குழந்தைக்கு எடை ஏறத் தொடங்கியது.

அதற்குள் நோயாளிப் பறவை என்று யார் கண்ணிலும் பட்டு வெகுநாளாகியிருந்தது. இனி ஆரம்பிக்கலாமே என்று மைக்கம்மா பரபரத்தார். இன்னும் கொஞ்சம் போகட்டும் என்றாள் டிரைவரம்மா. போனது. மருத்துவரிடம் மறுபடி கேட்டாள். கொஞ்சமாக வையுங்கள், அன்றைக்குத் தின்று தீர்கிற அளவுக்கு மட்டும். ஒரே இடத்தில் குவிக்காமல் தள்ளித் தள்ளி வையுங்கள். தட்டை நாள்தோறும் கழுவுங்கள், தண்ணீரை மாற்றுங்கள். ஒன்று சோர்ந்து உட்கார்ந்தாலும் உடனே எடுத்துவிடுங்கள் என்றார்.

இரண்டு வீட்டுக்காரர்களும் கூடிப் பேசினார்கள். கழுவ எளிதாகச் சின்னச் சின்னத் தட்டுகள்; இந்தக் கொல்லையில் இரண்டு, அந்தக் கொல்லையில் இரண்டு. குழாய்க்காரர் பழைய தொட்டியை எடைக்குப் போட்டுவிட்டு, தினமும் கவிழ்த்துத் தேய்க்கும்படி ஆழமில்லாத மண்சட்டி ஒன்றை வாங்கி வந்தார். நாளைக்கு என்ற பேச்சே எடுக்கவில்லை.

முதல் நாள் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. சாயங்காலம் தொடாத தானியத்தை அப்புறப்படுத்தி, தட்டுகளைத் தேய்த்துக் கவிழ்த்தபோது, நம்மை மறந்துவிட்டன என்றார் கணவர். மறந்தால் நல்லதுதான், எங்கேயோ வயிறு நிறைகிறது என்று அர்த்தம் என்றாள் அவள். ஆனால் அன்றிரவு புரண்டு புரண்டு படுத்தது அவள்தான்.

மூன்றாம் நாள் இருட்டு விலகுவதற்கு முன்பே தட்டுகளை வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். குளிர் கடுமையாக இருந்தது. கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்துத் துடைத்து ஓட்ட வேண்டியிருந்தது. இரண்டாவது நடை முடிந்து கடைசி நிறுத்தத்தில் நிற்கும்போது போன் அடித்தது. கணவர். பேச்சு திணறி வந்தது. ஒரு சிட்டுக்குருவி வந்ததாம், அப்புறம் ஆறேழு வந்தனவாம், இப்போது ஒரு புறாவும் சுவர்மேல் உட்கார்ந்திருக்கிறதாம். மைக்கம்மாவின் மருமகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலில் நின்று காட்டிக்கொண்டிருக்கிறாளாம். பின்னணியில் மைக்கம்மாவின் குரல், கத்தினால் பறந்துவிடும் என்று எல்லோரையும் கத்தி அடக்கிக்கொண்டிருந்தது.

டிரைவரம்மா ஸ்டியரிங்மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். பின்னால் ஏறி உட்கார்ந்தவர்கள் தன் முகத்தைப் பார்க்க முடியாது என்பது ஒரு வசதி.

"புறா உப்பிக்கிட்டு இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல. ஜம்முனு இருக்கு. கழுத்தை நீட்டி நீட்டிப் பார்க்குது."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"பார்த்துட்டேன்மா. கண்ணாடி போட்டுக்கிட்டுப் பார்த்தேன்."

"சரி. நான் வர்ற வரைக்கும் இன்னும் போடாதீங்க. சாயங்காலம் தட்டைத் தேய்க்கணும், வெந்நீர் வச்சிருங்க."

போனை வைத்தாள். கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். எல்லோரும் ஏறிவிட்டார்கள். கதவை மூடி வண்டியை எடுத்தாள்.